குளிர்ந்தால் கை தூக்கு

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குச் சாதகமில்லாததையும். ஆகவே: நூலகத்திலிருந்து படித்துக்கொண்டே வெளியே வந்தேன். தூண் விலகவில்லை.

மேல்வரிசை முன்பல் சற்றுக் கீழே இறங்கி ஆடுகிறது. பார்வைக்கு முழுசாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஈறுக்குள்ளே வேர் நடுவில் முறிந்திருக்கிறது.

அப்பா கதவு, ஜன்னல் செய்பவர். "ஆடுறத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? புடுங்கிடுங்க டாக்டர்."

"பதிமூணு வயசுங்க. இப்ப எடுத்தா, வேற பல்லு நட தாடை வளர்ந்து முடியற வரைக்கும் காத்திருக்கணும்" என்றார் பல் டாக்டரம்மா. "நீங்க பலகைய ஒட்டி கிளாம்ப் போட்டா, காயறதுக்குள்ள ஆட்டிப் பாப்பீங்களா?"

வழியெல்லாம் என் பல்லை ஆட்டிப் பார்த்தவர் அப்பா. கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஊசி போட்டு, பல்லை அதன் இடத்துக்குத் தள்ளி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைத்தார்கள். நான்கு வாரம்.

ஜூன் 11

அக்கா: "வேலி போட்டாச்சா? இனிமே மாடு மேயாது."

ஜூன் 19

மசித்த உருளைக்கிழங்கு. எனக்கு அது பிடிக்கும் என்று முன்பு எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிட வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

கம்பியை எடுத்தார்கள். பல் ஆடவில்லை. அடுத்து சோதனை: டாக்டரம்மா குளிரவைத்த பஞ்சைப் பல்லில் வைப்பார், குளிர்ந்தால் கை தூக்க வேண்டும். நரம்புக்கு உயிர் இருந்தால் குளிரும் என்று முன்பே படித்திருந்தேன். அதாவது, சரியான விடை எனக்குத் தெரியும்.

பக்கத்துப் பல்லில் வைத்தார். சுரீர். தூக்கினேன். அடிபட்ட பல்லில் வைத்தார். ஒன்றுமில்லை. தூக்கினேன். மறுபடி வைத்தார். இன்னும் உயரமாகத் தூக்கினேன்.

"கடைசியா வெச்சது வெறும் பஞ்சும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். "கிளாஸ்லதான் முந்திரிக்கொட்டைன்னு பேரு. இங்கேயுமா?"

"நீ பாஸ் பண்ண வேணாம்" என்றார் டாக்டரம்மா. "நரம்பு செத்தது தெரியாம நான் விட்டுட்டா உள்ள சீழ் பிடிக்கும்."

"அப்ப... செத்துடுச்சா?"

"தெரியல. அடிபட்ட நரம்பு சில மாசம் பேசாம கிடக்கும். பல்லு நிறம் மாறினாலோ ஈறு வீங்கினாலோ உடனே வாங்க. இல்லேன்னா காத்திருப்போம்."

பாடப்புத்தகம் எதிலும் 'தெரியல' ஒரு விடையாக இல்லை.

ஜூலை 30

கண்ணாடி முன்னாலேயே நிற்கிறேனாம். "இப்படிப் பாத்தா பல்லு கூச்சப்படும்டி. தள்ளு, நான் தலை சீவணும்" என்றாள் அக்கா. கூசினால் நல்லதுதான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 21

ஐஸ் கட்டியை வைத்துப் பார்த்தேன். உதடு மரத்தது. நடுவில் ஒரு நொடி பல் குளிர்ந்த மாதிரி— நிஜமாவா, இல்ல குளிரணும்னு நானே நெனச்சுக்கிட்டேனா? என்னைய நானே எப்படி நம்பறது? செத்துப்போயிருந்தா?

அக்டோபர் 14, திங்கள்

மறுபடி அதே சோதனை. கைகள் தாமாக எழுந்துவிடாதபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அடிபட்ட பல்லில் பஞ்சு. ஒன்றுமில்லை. எதுவுமே இல்லை. தூக்கவில்லை. அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

மறுபடி பஞ்சு. "ஐயோ!" என்று கத்தி டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"முதல்ல வெச்சது வெறும் பஞ்சு" என்றார் அவர்.

எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மங்கியிருக்கிறது, துண்டுகள் நகரவில்லை. நரம்பில் கைவைக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதுமாம்.

"மெதுவா கத்தக் கூடாதா? வெளிய உக்காந்திருக்கறவங்க ஓடிடப் போறாங்க" என்ற அம்மா, முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்தினாள்.

உதவியாளர் என் முகத்துக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார்.