தண்ணீருக்கு ஒரு தடையாணை

பிப்ரவரி 3
மூளையில் ரத்தம் கசிந்து ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த தங்கை புருஷன் இன்று கடைக்குத் திரும்பினான். படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை. நானும் அவனும்தான் அதன் பேரரசர்கள். மத்தியானத்துக்குள் ஒரு குடம் தண்ணீர் காலி. “மாப்ளே, கொஞ்சம் மிச்சம் வை, கப்பல்காரங்க பாவம்” என்றேன். கடல்விழுங்கி என்று பட்டமும் சூட்டினேன். சிரித்தான். வாய் மட்டும்.

பிப்ரவரி 9
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம் குடிக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். உண்மையில் பத்து பாட்டில். கண்ணாடி வெட்ட உட்கார்ந்தால் உடனே கழிவறைக்கு எழுந்துவிடுகிறான். தங்கை, “வீட்லயும் இதே கதைதாண்ணே. டாக்டர்கிட்ட கேக்கணும்” என்றாள்.
“வெறும் பழக்கம்மா. ஒரே நாள்ல நிறுத்திக் காட்டுறேன்.”
மூவுலகும் போற்றும் வைத்தியன் அல்லவா நான்!

பிப்ரவரி 11
காலை எட்டரைக்குத் தடையாணை ஒட்டினேன்: ‘மேன்மை தங்கிய மச்சானின் உத்தரவு. ஒரு மணி வரை ஒரு சொட்டும் கிடையாது.’ பாட்டில்களைப் பரணில் ஏற்றினேன். தொட்டி வால்வையும் மூடினேன்.
“மச்சான், விளையாட்டு வேணாம்... நாக்கு ஒட்டுது.”
இன்னும் பலமாகச் சிரித்தேன்.
பதினொன்றரைக்கு ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தால் — கண்ணாடி துடைக்கும் வாளிக்குள் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். அந்த அழுக்குத் தண்ணியை. அப்படியே சரிந்தான்.

பிப்ரவரி 12
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி. பிட்யூட்டரி. ரத்தக்கசிவில் அதுவும் அடிபட்டிருக்கிறது. தண்ணீரை உடம்பில் நிறுத்திவைக்கும் ஹார்மோன் வரவில்லையாம், குடிப்பதெல்லாம் ஓடிவிடுகிறது. “இத்தனை நாள் குடிச்சுக் குடிச்சுத்தான் உயிரோட இருந்திருக்கார்” என்றார் டாக்டர். “நேத்து தண்ணி கிடைக்கலையா?”
“இல்லையே, அவர் குடிச்சுக்கிட்டேதானே இருப்பார்” என்றாள் தங்கை.
நான் சுவரைப் பார்த்தேன். ஆயிரம் பொய்யை ஜோடித்த வாய், ஒரு உண்மைக்குத் திறக்கவில்லை. அவன் இன்னும் கண் திறக்கல.

பிப்ரவரி 13
சொல்லிட்டேன். “மூணு மணி நேரம், டாக்டர். ஒளிச்சு வச்சது நான்தான்.”
தங்கை எழுந்து அவன் கட்டில் பக்கம் போய்விட்டாள். நாலு அறை விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். நீயெல்லாம் ஒரு அண்ணனாடா?

பிப்ரவரி 16
கண் விழித்தான்.

பிப்ரவரி 20
அந்த ஹார்மோனுக்குப் பதிலாக மாத்திரை கொடுக்கிறார்கள், உடம்பு கேட்கிறது. தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. தடையாணையைக் கிழித்தேன், பசை சுவரிலேயே இருக்கிறது.

மார்ச் 17
இருவரும் கடைக்கு வந்தார்கள். மாத்திரை போடுவதால் இனி அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்தாம்; தாகத்துக்கு மட்டும், கணக்கு வைத்து. அளவுக் கோடு போட்ட தண்ணீர் பாட்டிலை என் மேஜையில் — என் பக்கம் — வைத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு: “அவர் கேட்டா உடனே குடுண்ணே. எவ்வளவுன்னு எழுதி வை.”
“கடல்விழுங்கிக்கு இப்ப ஒரு குட்டை போதும், மச்சான்” என்றான் அவன்.
எனக்குச் சிரிக்க வரவில்லை. எழுதினேன்.
10.40 — அரை டம்ளர்.
11.55 — ஒரு டம்ளர்.
12.30 — அவன் கேட்கவில்லை. நான்தான் வேணுமா என்று நாலு தடவை கேட்டேன். உண்மையில் ஏழு.