வடக்குச் சன்னல்

1934 மார்ச் 3, சனி

தவக்காலம். தேவாலயத்துக்குள் ஒரு பூ கூடக் கிடையாது. ஆனால் ஈஸ்டருக்கு யார் எந்த இடத்தில் பூ வைப்பது என்று இன்றே பேசி முடித்தார்கள். பேச என்ன இருக்கிறது? அவரவர் மாமியார் பூ வைத்த இடம் அவரவருக்கு. கெசியாவுக்கு ஞானஸ்நானத் தொட்டி. எனக்கு வடக்குச் சன்னல். தெற்கு வாசலில் நுழைகிறவர்கள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார்கள். நேர் எதிரே இருட்டுக்குள் கிடக்கும் என் சன்னல் யார் கண்ணில் படப்போகிறது?

என் பேத்தியின் ஞானஸ்நானத்தன்று தொட்டி விளிம்பு முழுக்கக் கெசியா லில்லியை அடைத்து வைத்திருந்தாள். பிள்ளையை ஒருக்களித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள்.

மார்ச் 8, வியாழன்

கோயிலைக் கழுவும் நாள். கிறிஸ்துமஸுக்குப் பூச்செருக வைத்த ஈரப் பாசியைச் சன்னல் மாடத்திலிருந்து இழுத்தேன். அதோடு கீழே சுவரின் சுண்ணாம்பும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே சிவப்பு. ஒரு மனிதக் கால், முழங்கால் வரை தண்ணீர், பக்கத்தில் ஒரு மீன்.

டாரண்ட் பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கெசியா முந்திக்கொண்டாள்.

"முப்பது வருஷமா தண்ணி ஊத்தி ஊத்தி, செவத்துலேர்ந்து ஒரு ஆளையே மொளைக்க வச்சிட்டியேடி ஹெப்ஸி."

எல்லாரும் சிரித்தார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மார்ச் 9

அந்தக் கால் என்னுடையது. அவள் தொட்டியில் இருப்பதெல்லாம் மூக்கு உடைந்த கல் தேவதூதர்கள்.

மார்ச் 17, சனி

நார்விச் நகரத்திலிருந்து வந்த, பழஞ்சுவர்ப் படங்களைத் தெரிந்த ஆள் சின்னக் கத்தியால் வாரம் முழுக்கச் சுரண்டினார். புனித கிறிஸ்தோபர். சன்னலை ஒட்டிக் கூரையைத் தொடும் உயரம், தோளில் குழந்தை இயேசு, காலடியில் ஆறு. அந்தக் காலத்தில் இவரைப் பார்த்துவிட்டுப் போனால் அன்றைக்குச் சாவு வராதாம். பிறகு படம் ஆகாதென்று யாரோ வெள்ளையடித்து மூடிவிட்டார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வருகிறார்கள். எல்லாருடைய முதுகும் தொட்டிப் பக்கம். கெசியா தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டு நின்றாள், ஒருவர் திரும்பவில்லை. இன்று சூப் நன்றாக ருசித்தது.

மார்ச் 24, சனி

இனி அந்தச் சுவர்ப் பக்கம் பாசி கூடாது, பூ கூடாது, சொட்டுத் தண்ணீர் கூடாது. கயிறு கட்டிவிட்டார்கள்.

பாதிரியார் தன்மையாகத்தான் சொன்னார், இந்த ஈஸ்டருக்கு நீங்கள் ஓய்வாக இருக்கலாமே என்று. ஓய்வா? எனக்கா? பிரசங்க மேடை இருக்கிறது, பீடம் இருக்கிறது, மரத்திரை இருக்கிறது — எல்லாம் யாரோ ஒருத்தியின் மாமியாருடையது. என் படம் வந்தது, என் சன்னல் போயிற்று. இது எந்த ஊர் நியாயம்?

ஈஸ்டரன்று கைவீசிக்கொண்டு போய் உட்கார வேண்டுமா நான்? அவள் பார்க்க?

மார்ச் 30, பெரிய வெள்ளி

ஆராதனை முடிந்து வாசலில் கெசியா வழிமறித்தாள். தொட்டிக்கு எட்டுப் பக்கமாம், முழங்கால் வலியாம், வடக்குப் பக்கம் குனிந்து செய்ய முடியவில்லையாம், நான் வரவேண்டுமாம். பொய். திங்கட்கிழமைதான் வயல் வேலியின் படி ஏறிக் குதித்ததைப் பார்த்தேன்.

பார்க்கலாம் என்றேன்.

"வந்தா வா. வராட்டி அந்தப் பக்கம் மொட்டையா நிக்கட்டும். ஊரு யாரைச் சொல்லும்னு பாத்துக்கலாம்."

மார்ச் 31, சனி

போனேன். ஓடைக்கரையில் தோண்டியெடுத்த மஞ்சள் ப்ரிம்ரோஸ் பூச்செடிகளைத் தொட்டியின் வடக்குப் பக்கத்தில் அடி முதல் விளிம்பு வரை ஈரப் பாசியில் வேரோடு பதித்தேன். புனிதரைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்து முடித்துத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது இந்தப் பக்கம்தான். அவள் அதை யோசிக்கவில்லை. யோசித்தும் கொடுத்தாளா? தெரியவில்லை. கேட்கமாட்டேன்.

கெசியா சுற்றி வந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். திரும்பிப் போய்த் தன் பக்கத்து லில்லி அத்தனையையும் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து வைக்க ஆரம்பித்தாள்.