செல்லக்கனியும் கஞ்சித்தொட்டியும் ஒருவரே

இராஜபாளையம்,
18-9-1996.

அன்பு மகள் செல்லக்கனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், எழுந்து நடமாடுகிறோம், ஆகவே சௌக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். மனசு சௌக்கியமா என்பது உன் பதிலைப் பொறுத்தது. நீ அங்கே டெல்லியில் நைட் டூட்டி முடிந்து பகலிலாவது சரியாகத் தூங்கி, நோய் நொடியில்லாமல் இருக்கச் செண்பகத்தோப்பு ராக்காச்சி அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து கைகால் கழுவுமுன் உன் அம்மா அதை நீட்டி, பிள்ளை எழுத்து சாய்ஞ்சு சாய்ஞ்சு போகுது, என்னமோ சரியில்ல, சட்டுனு படிங்க என்றாள். முதல் தடவை படித்தபோது பயம், இரண்டாம் தடவை படித்தபோது வெட்கம். டிப்ளமோ முடித்து வேலையில் இருக்கும் நர்ஸ்கள் தபால் வழியிலேயே பட்டப்படிப்பை முடிக்கலாம், பிளஸ் டூ படித்தவர்களுக்கு இரண்டு வருஷ அனுபவம் போதும், பத்தாவதோடு நர்சிங்குக்குப் போன உன்னைப் போன்றவர்களுக்கு ஐந்து வருஷம் வேண்டும், அதுவரைக்கும் எல்லாம் சரி. ஆனால் பத்தாவது மார்க் ஷீட்டில் செல்லக்கனி என்றும், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழில் செல்லக்கனி கஞ்சித்தொட்டி என்றும் இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் சான்று இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். பட்டம் இல்லாவிட்டால் கடைசிவரை ஸ்டாஃப் நர்ஸ்தான், டியூட்டர் வேலை கனவுதான் என்றும் எழுதியிருந்தாய். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ஏன்ப்பா இப்படிப் பண்ணீங்க என்று நாலு வரி திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

குற்றவாளி நான்தான், மறுக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ டூட்டியை விட்டு நகர முடியாமல் கவுன்சில் ஃபாரத்தை என் கையில் கொடுத்தாய். நான் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்தும் தங்கபாய் அம்மாவிடம் போனேன். சர்நேம் என்று ஓர் இடம் இருந்தது. அப்படின்னா என்னம்மா என்றேன். பட்டப்பேரு அண்ணாச்சி என்றார். கட்டாயம் எழுதணுமா என்றேன். காலியா விட்டா ஃபாரம் திரும்பி வந்துரும் என்றார். சர்க்கார் காகிதத்தில் பொய் எழுதக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் குனிந்து, ஊர் எனக்கு வைத்த பட்டப்பேரை அவர் காதோடு சொன்னேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சட்டென்று டைப் அடித்துக் கொடுத்துவிட்டார், நான் படி இறங்கிய பிறகுதான் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சான்றிதழ் வந்தபோது நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு டெல்லிக்குப் போய், இங்க எல்லார் பேருக்குப் பின்னாலயும் ஒரு வால் இருக்குப்பா, என் வால் கொஞ்சம் நீளம், அம்புட்டுதான், ஏதோ ஜமீன் வம்சம்னு நெனைக்காக என்று நீ எழுதியதும் நானும் ஜமீன்தார் மாதிரிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயர் வந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். நீ பிறந்த வருஷம், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடத்தில், எவனோ எவளோடோ ஓடிப்போன சங்கதியைப் பின்பக்கமாக நடந்துகொண்டே சொல்லிவந்த நான், பாவு நூலை விறைப்பாக்கப் போட வைத்திருந்த கஞ்சித் தொட்டியில் உட்கார்ந்தேன். வீடு வந்து சேருமுன் வேட்டி காய்ந்து தகரம் மாதிரி நின்றது. அன்றிலிருந்து அந்தப் பெயரை என் காதுபடச் சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அதுதான் இப்போது வினையாக வந்தது.

புதன்கிழமை லீவு போட்டு வி.ஏ.ஓ.விடம் போனேன். அவர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டப்பேர உங்க வாய்வார்த்தையா நான் எப்படி நம்புறது அண்ணாச்சி, தெருவுல விசாரிப்பேன், சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேர் சாட்சி வேணும் என்றார். வியாழக்கிழமை வந்தார். எதிர்வீட்டு அங்காளம்மாள் பணியாரச் சட்டியை விட்டு எழுந்து, அய்யோ சாமி, அவுகள யாரு அப்படிச் சொல்லுவா, மரியாதப்பட்ட மனுசரு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னோடு தறி ஓட்டும் ராக்கப்பன் அதற்கும் மேலே போய், நம்ம அண்ணாச்சியவா, எவன் சொன்னான், ஆளக் காட்டுங்க என்று சட்டைக் கையை மடித்தான். ஏலே, நேத்துகூட டீக்கடையில நீதான்லே சொன்ன, என் காதுல விழுந்துச்சு என்று நான் கத்துகிறேன், சத்தியமா இல்ல அண்ணாச்சி என்று அவன் என் காலைத் தொடுகிறான். அப்படி ஒரு பேரு இந்தத் தெருவுல யாருக்கும் தெரியலையே என்று வி.ஏ.ஓ. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். ஊர் என்னைக் கேலி செய்யவில்லையே என்று நான் கலங்கி நின்ற நாள் அது ஒன்றுதான்.

உன் அம்மாதான், பேரு வச்சவுகளையே கூட்டிட்டு வாங்க என்றாள். வைத்தவன் உக்கிரபாண்டி. தறிவேலையை விட்டுவிட்டுக் கூமாப்பட்டியில் விவசாயம் பார்க்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், கஞ்சித்தொட்டிக்கு இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்து என்றான், நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன், அதோடு பேச்சு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போய் அவன் வயல் வரப்பில் நின்றேன். மடை திருப்பிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவனுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. ஏலே, அந்தப் பேரச் சொன்னேன்னுதான என் வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் நீ வரல, இப்ப ஆபீசர் முன்னால சொல்லச் சொல்லுதியா என்றான். அவன் அம்மா இறந்ததற்கும் நான் போகவில்லை, செல்லக்கனி. அதை அவன் வாயால் சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் சொன்னான். பொறவு அவனே, பிள்ளைக்காக வாரேன், ஒனக்காக இல்ல என்றான்.

திங்கட்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, ஆபீஸ் பூட்டு. அந்த ஒரு நாள் எப்படிப் போனது என்று கேட்காதே. நேற்றுக் காலை உக்கிரபாண்டி வெள்ளைச் சட்டையும் துண்டுமாக வந்து இறங்கினான். இரண்டாம் சாட்சிக்கு அங்காளம்மாளைக் கெஞ்சினேன். நெசமாவே கோவப்பட மாட்டீகளே என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, கஞ்சித்தொட்டி, கஞ்சித்தொட்டி என்று ஒரே மூச்சில் ஏழெட்டுத் தடவை வாய் நிறையச் சொன்னாள், இருபத்தெட்டு வருஷத்து ஆசை. வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்ததும் தாலுகா ஆபீஸுக்கு ஓடினோம். பேரு எப்படி வந்துச்சுன்னு சாட்சி சொல்லணும் என்றார் கிளார்க். உக்கிரபாண்டி சொல்லவில்லை, நடித்தே காட்டினான். நான் பின்பக்கமாக நடந்தது, விழுந்தது, எழுந்தது எல்லாம். பைல் கட்டுகளுக்கு நடுவே ஆபீஸே கூடிவிட்டது. தாசில்தார் வெளியே வந்து என்னைப் பார்த்து, இதெல்லாம் உண்மையா என்றார். உண்மைதானுங்கய்யா, கஞ்சி மட்டும் ஆறிப்போயிருந்தது என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் உக்கிரபாண்டி டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போகிறேன்.

நடுவில் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நீ வேலை பார்த்த நர்சிங் ஹோமில் அனுபவச் சான்றும் வாங்கிவிட்டேன். டெல்லியில் நாலு வருஷம், இங்கே ஒரு வருஷம் எட்டு மாதம், ஐந்தைத் தாண்டிவிட்டது. உன்னைப் பிளஸ் டூவில் சேர்க்காமல் நேரே நர்சிங்குக்கு அனுப்பிய அவசரக்காரனும் நான்தான், அந்த மூன்று வருஷ வித்தியாசம் என் தலையில் எழுத வேண்டியது. அதைவிடப் பெரிய கவலை, படிப்புக்கு இத்தனை கிரெடிட் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கிரெடிட். உன் அம்மா அந்தச் சொல்லைக் கடை போர்டில் மட்டும் பார்த்தவள், பிள்ளை கடன் வாங்கிப் படிக்கணுமா என்று நடுங்கிவிட்டாள். விசாரித்துச் சொன்னேன், ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு என்று. கடனே தேவலாம் என்கிறாள். டூட்டி, பாடம், அதற்கு மேல் பிராக்டிகல் வகுப்புக்கு வேறு நேரில் போக வேண்டும் என்றால் நீ எப்போது தூங்குவாய்? அதிக நாள் எடுத்து முடிக்கவும் வழி இருக்கும் என்கிறார்கள், கேட்டுப் பார். ஓடி விழுந்து முடிக்க வேண்டாம், விழுந்த அனுபவம் உள்ளவன் சொல்கிறேன்.

இத்துடன் தாசில்தார் சான்று, அனுபவச் சான்று, நீ அனுப்பிய பெயர் உறுதிமொழி ஃபாரம் மூன்றும் ரிஜிஸ்தர் தபாலில் வருகின்றன. டெல்லிக்கு ஆறு நாள் என்கிறார்கள். தாசில்தார் சான்றில் உன் பெயரை எழுத்து எழுத்தாக மூன்று பேரை வைத்துச் சரிபார்த்தேன், எங்கும் ஓர் எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியும் அங்கே எவனாவது நொட்டை சொன்னால் உடனே பஞ்சு மார்க்கெட் பூத்துக்குப் போன் பண்ணு, கூப்பிட்டு விடுவார்கள், நானே ரயில் ஏறி வருகிறேன், இரண்டு சாட்சிகளோடு. இந்த வருஷம் போனால் போகட்டும் என்று மட்டும் விட்டுவிடாதே, தாயி. உனக்கும் பட்டத்துக்கும் நடுவில் தடையாக நான் இருந்தேன் என்று ஆகிவிடக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் வருமுன் கம்பளியை உதறி வெயிலில் போடு. நீ நினைத்தது நடந்து, நூறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் நல்லபடியாக நிற்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

ஒன்று மறந்தேன். உறுதிமொழி ஃபாரத்தின் கடைசியில், பட்டத்தில் அச்சிட வேண்டிய பெயர் என்று ஓர் இடம் இருக்கிறது. செல்லக்கனின்னு மட்டும் எழுதிருங்க என்றாள் உன் அம்மா. பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். கீழே தகப்பன் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். அந்த இடத்தை நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வ. ஐயாதுரை.