பொலித்தீன் கழற்றாத மெத்தை

பல்லேபொல
08.03.2009

அன்பு மகன் செழியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் பாப்பம்மா அத்தையும் ஆடுகளும் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் அப்பாவையும் சேர்த்து எழுதிவிட்டு, நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முடித்து, மற்ற விஷயத்துக்குப் போவேன். இந்த முறை அதற்குக் கை வரவில்லை. அப்பா சுகமாக இல்லை. நீ சுகமா என்பதும் எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் கேட்கலாமே என்பாய். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் வாங்கிப் பேசி முடித்துவிடுகிறார். எனக்கு வாயில் வராதது கையில்தான் வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

நீ அனுப்பிய மெத்தையைப் பற்றி அப்பா உன்னிடம் சொன்னதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. மார்கழியில் மிளகு பறிக்க ஏறி ஏணியோடு விழுந்தாரே, மூன்று மாதம் முதுகை அசைக்காமல் படுக்க வேண்டும், குழி விழாத மெத்தையாக இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதைக் கேட்டு நீ அங்கே எவ்வளவு தவித்தாய் என்று எனக்குத் தெரியும். தோஹாவில் இருந்தபடியே இன்டர்நெட்டில் தேடி, முதுகு வலிக்காரர்களுக்கென்றே செய்தது, கொழும்பிலிருந்து வாசலுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நீ அனுப்பிய படத்தை மாத்தளைக்குப் போய் கொம்யூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். வெள்ளை மெத்தை, அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டே தூங்குகிறாள். தூங்குகிறவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று அப்போதே நினைத்தேன். கடை என்றால் உட்கார்ந்து பார்ப்போம், கையால் அமுக்கிப் பார்ப்போம், ஒன்றும் முடியாவிட்டால் மூக்கையாவது வைத்துப் பார்ப்போம். ஒரு கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடாதவள் நான். ஆனால் நீ அவ்வளவு ஆசையாகச் சொன்ன பிறகு என்ன சொல்ல, நல்லா இருக்கு தம்பி என்று அங்கிருந்தே பதில் அனுப்பிவிட்டு வந்தேன்.

பொங்கல் கழிந்து லொறியில் வந்தது. வழி முழுக்க ஆமி செக்பொயிண்டில் நிறுத்தி இறக்கச் சொன்னார்களாம், பொலித்தீனுக்கு மேலே தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். படிப்பிக்க ஸ்கூலுக்குப் போகும்போது தினமும் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து கிளறிப் பார்க்கிறவர்களுக்கு இதைத் திறந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை. அதைக் கட்டிலில் போட்டதும் அத்தை தடவித் தடவிப் பார்த்து, அண்ணே, தொர பங்களாவுலகூட இப்படி ஒன்னு கெடக்காது என்றாள். நான் பொலித்தீனை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன், அவ்வளவுதான், அப்பா படுத்த இடத்திலிருந்தே கத்தத் தொடங்கிவிட்டார், வெட்டாத வெட்டாத, புள்ள வேர்வை சிந்தி வாங்குனது அழுக்காயிரும், லீவுல வந்து பாக்கறப்ப புதுசாவே இருக்கணும் என்று. உன் அப்பாவை உனக்குத் தெரியும். நீ முதல் முதல் அனுப்பிய ரேடியோ இன்னும் அது வந்த உறைக்குள்ளேதான் பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் வரும்போதே கொஞ்சம் கிழிந்திருந்தது, அது காத்துப் போறதுக்கு நல்லது என்று அத்தை சொன்னாள். மேலே ஒரு துணியை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். பழைய இலவம்பஞ்சு மெத்தையை அன்றைக்கே ஆட்டுக் கொட்டிலில் போடச் சொல்லிவிட்டார். ஆடுகளுக்கு நல்ல காலம்.

அன்றைக்கே ஒரு வாடை இருந்தது மகன். ஈரத் துணியைச் சட்டிக்குள் போட்டு மூடி வைத்து மறந்துவிட்டால் வருமே, அப்படி. புதுச் சாமான் வாசம் அண்ணி, வெளிநாட்டு மருந்து அடிச்சிருப்பாங்க என்றாள் அத்தை. பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா வந்தாள், உட்கார்ந்து பார்த்தாள், மாஷா அல்லாஹ், பிள்ளையண்டா இப்பிடி இருக்கணும் என்றாள். ஸ்கூலிலிருந்து அதிபர்கூட அப்பாவைப் பார்க்க வந்து, மெத்தையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். வந்தவர்கள் எல்லோரும் மூக்கால் மூச்சு விடாமல் வாயால் பேசிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். நீ போனில் கேட்டாய், அப்பா ராசா மாதிரி படுத்திருக்கேன்டா என்றார். அதைச் சொல்லும்போது இடது கையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

முதுகிலும் விலாவிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. பொலித்தீன் சூட்டுக்கு வேர்க்குரு என்று நினைத்து முதலில் பவுடர் போட்டேன், பிறகு வேப்பிலை அரைத்துப் பூசினேன். ஆனால் வேர்க்குரு வரிசையாக வராது. இது மூன்று மூன்றாக, தையல் போட்ட மாதிரி நேர் கோட்டில் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரை ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டு மேல்துணியை மாற்றும்போது ஜன்னல் வெயில் நேராக விழுந்தது. பொலித்தீனுக்கு அடியில் மிளகு சிந்தியது போல ஏதோ தெரிந்தது. மிளகு நகர்ந்தது. எழுதவே கூசுகிறது. கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி வைத்ததுபோல மூட்டைப்பூச்சி, குஞ்சும் பெரிசுமாக, வயிறு சிவந்து, கிழிந்த மூலையை நோக்கி ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாதத்துக்கு மேல் உன் அப்பாவின் இரத்தத்தில் வளர்ந்தவை.

அவரைத் தூக்கிப் பலகைக் கட்டிலில் போட்டுவிட்டு, நானும் அத்தையும் மெத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போய், அதே கத்தரிக்கோலால் வெட்டினோம். மேலே நீ படத்தில் பார்த்த வெள்ளைத் துணி. அதற்குள்ளே இன்னொரு துணி, நீலக் கோடு போட்டது, நைந்து போனது, மஞ்சளும் பழுப்புமாகக் கறை மேல் கறை. நடுவில் ஒரு ஆள் படுத்த அளவுக்குப் பள்ளம், அந்தப் பள்ளத்தை நிரப்பக் கிழிந்த ஸ்பொஞ்சுத் துண்டுகளைத் திணித்திருந்தார்கள். ஓரத்தில் மையால் குத்திய ஒரு இலக்கம், விடுதியோ ஆஸ்பத்திரியோ எங்கே கிடந்ததோ. தலைப் பக்கம் தையலில் நீள நரைமுடி ஒன்று சிக்கியிருந்தது. அத்தை வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். எனக்கு வாந்தி வரவில்லை, ஆனால் இன்று வரை சோற்றைப் பிசையும்போது அந்த முடி விரலில் சுற்றியிருப்பதுபோல இருக்கிறது. யாரோ ஒருவர் கிடந்து அழுந்தி எழுந்ததை, எழுந்தாரோ எழவில்லையோ, வெள்ளைத் துணி சுற்றிப் புதிது என்று விற்கிற மனிதர்களை நினைத்தால் சீ என்று வருகிறது. அவர்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்க மாட்டாரா.

அப்பா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம ஆளுக செத்தவன் பாயச் சுடுகாட்டுல வீசிட்டுத் திரும்பிப் பாக்காம வருவாங்க, என்னைய உசிரோட அதுமேல படுக்கப் போட்டுட்டீங்களேடி என்றார். இப்பவே தலை முழுகணும் என்று பிடிவாதம். யார் செத்தது, நமக்கென்ன தெரியும், வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறேன், முதுகை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சுட வைக்கக் குசினிக்குப் போனேன். அதற்குள் சுவரைப் பிடித்து எழுந்து, கிணற்றடிக்குப் போய், இழவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றியிருக்கிறார். இரண்டாவது வாளி தூக்கும்போது அவர் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. திரீவீலில் படுக்க வைத்து டொக்டரிடம் கொண்டுபோனோம். இதுவரை படுத்ததெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா அப்போதும் என்னைப் பார்த்து, புள்ளைக்கிட்ட சொல்லிறாத, மனசு ஒடஞ்சு போவான் என்றுதான் சொன்னார்.

கடைக்குப் போன் பண்ணினேன். பண்ணும் முன் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று பல தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாகக் கம்பஸ் போனவள், அங்கேயும் நாலு வருஷம் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்து பட்டம் வாங்கியவள், ஒரு மெத்தைக்காரனிடம் எப்படிப் பேசுவேன் சொல். கடையில் போனை எடுத்த பொடியன் மிக மரியாதையாகப் பேசினான். பொலித்தீனை வெட்டினால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வெட்டாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதே வரியை மறுபடி மரியாதையாகச் சொன்னான். அத்தை போனைப் பறித்து, ஒங்கம்மாவக் கொண்டாந்து இதுல படுக்க வையிடா, ராசாத்தி மாதிரி தூங்குவா என்று சிங்களத்தில் கத்தினாள். நான் சொல்ல நினைத்தது அதுதான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் சொன்னான், உங்கள் மகன் மிகவும் திருப்தி என்று எங்கள் இன்டர்நெட் பக்கத்தில் எழுதியிருக்கிறாரே என்று. வாசித்தும் காட்டினான். என் தகப்பனார் ராஜாவைப்போலப் படுத்திருக்கிறார், நம்பி வாங்கலாம். என் வீட்டில் சொன்ன பொய்யை முன்பின் தெரியாத ஒருவன் எனக்கு வாசித்துக் காட்டுகிறான். எனக்குப் பூச்சியைப் பார்த்தபோது வந்ததைவிட அதிக அருவருப்பு அப்போதுதான் வந்தது. உன் மீது இல்லை. நீ அப்பா சொன்னதை நம்பினாய், அப்பா உனக்காகச் சொன்னார், நான் இரண்டு பேருக்காகவும் பேசாமல் இருந்தேன். எல்லோரும் நல்லவர்கள், நடுவில் பூச்சி பெருகியது.

இதில் இன்னொரு விஷயம். கைறுன்னிஸாவின் மகள் றமீஸா பிள்ளை பெற வீட்டுக்கு வந்திருக்கிறாள். றியாதில் இருக்கும் அவள் தம்பி நீ எழுதியதைப் பார்த்து அவளுக்கு அதே மெத்தையைத்தான் வாங்கப் போகிறானாம். யாரிடமும் சொல்லக் கூடாது, மானம் போய்விடும் என்று அப்பா தடுத்தார். பச்சைப் பிள்ளை அதில் கிடக்கப் போகிறதே என்று நான் வேலியோரம் போய்க் கைறுன்னிஸாவிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா, அண்டைக்கே நாத்தம் வந்திச்சி டீச்சர், படிச்ச ஆக்கள்ட வீடு, எப்பிடிச் சொல்றதெண்டு வாயப் பொத்திக்கிட்டு வந்தேன், வந்து உடுப்பையும் மாத்தினேன் என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். வாங்க வேண்டாம் என்று அவள் மகனுக்கு உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். அவன் மட்டும்தான் எனக்குத் தெரிந்தவன். தெரியாத எத்தனை பேர் உன் வரியைப் படித்துவிட்டு வாங்குகிறார்களோ. ஆகவே முதல் வேலையாக அதை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி அங்கே எழுது.

இனித்தான் நான் கேட்க வந்தது. அப்பாவின் முதுகைப் பார்த்த பிறகு, பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கூட்டாளிமாரோடு வேலையாட்கள் தங்கும் கேம்ப் வாசலில் நிற்கிறாய், சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறாய், சிரிக்கிறாய். முழங்கைக்குக் கீழே உள்பக்கம் மூன்று மூன்றாக, தையல் போட்ட மாதிரி, நேர் கோட்டில். அன்றைக்கு நான் எழுதிக் கேட்டதற்கு வெயில் கொப்புளம் அம்மா என்றாய். ஏசி ரூம், ஆளுக்கொரு கட்டில், ஸ்பிரிங் மெத்தை, ஒரு குறையும் இல்லை என்றாய். அப்பா அதை ஊரெல்லாம் சொன்னார், நானும் நம்பினேன். வெயில் மூன்று மூன்றாகச் சுடாது மகன். ராசா மாதிரி படுத்திருக்கேன் என்று உன் அப்பா சொன்னதை எப்படி நம்பாமல் கேட்டேனோ, இனி நீ சொல்வதையும் அப்படித்தான் கேட்பேன். அந்த ரூமில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், நீ எதன் மேல் படுக்கிறாய், அதில் உனக்கு முன்னால் யார் கிடந்தது, உள்ளதை எழுது. அப்பாவுக்கு நல்ல மெத்தை தேடிய அன்றைக்கு நீ எதில் படுத்துக்கொண்டு தேடினாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஒன்றும் அனுப்ப வேண்டாம். அப்பா பலகையில் பாயும் மடித்த சேலைகளும் போட்டுப் படுத்திருக்கிறார், டொக்டர் அதுவே போதும் என்கிறார், முதுகுத் தடிப்பும் ஆறிவிட்டது. அடுத்த சம்பளத்தில் உனக்கு ஒரு மெத்தை வாங்கு. கடைக்கு நடந்து போ, உட்கார்ந்து பார், தையலைப் பிரித்துக் காட்டச் சொல், கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். அதுவரை கட்டில் மூலைகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்று, துணிகளை வெயிலில் போடு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைக்காதே.

இந்தக் கிழமை மாத்தளை அம்மன் கோவிலில் மாசி மகத் தேர். நான் போய் உன் பேரில் அர்ச்சனை செய்து வருவேன், அம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், உழைக்கிற உடம்புக்கு நல்ல தூக்கம் கொடுக்கட்டும். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அப்பா தூங்குகிறார், அவருக்குத் தெரியாமல் இதை நாளைக்கு ஸ்கூல் போகும் வழியில் தபாலில் போடுவேன்.

மறந்துவிடாதே, அடுத்த போட்டோவை அரைக்கைச் சட்டை போட்டு, கையைத் திருப்பி உள்பக்கம் தெரிய நின்று எடு. சிரிக்க வேண்டியதில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா