முப்பது தலைமுறைக்கு முன்னால்

அன்புள்ள அண்ணா,

எனக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி நாற்பது நாளாகிறது. நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் வேறு சாதியில் கல்யாணம் செய்த அன்று, "நீ இனி எங்க ரத்தமே இல்ல" என்றாய். மஜ்ஜை பொருந்துமா என்று பரிசோதிக்கக் கேட்டபோதும் அதையே சொன்னாய். உடன்பிறந்தவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. அந்நியருக்கு லட்சத்தில் ஒன்றே. ஆனாலும் ஓர் அந்நியர் கொடுத்தார்.

மரபணு ஆய்வகத்தில் நான் போடும் கணக்கு இது: பெற்றோர் இரண்டு, அவர்களின் பெற்றோர் நாலு என்று இரட்டித்துக்கொண்டே முப்பது தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு நூறு கோடி முன்னோர் வேண்டும். அன்று உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. அதனால் ஒரே ஆட்கள்தான் பலருக்கும் முன்னோர். கொடுத்தவரும் நமக்குத் தூரத்து உறவாக இருக்கலாம்.

"அண்ணன் வரலியா?" என்று நர்ஸ் தினமும் கேட்பாள். "வேலை இருக்கும்" என்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

உன் தங்கை