மொட்டை போட்ட பிறகும் வலித்தால்

என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஹவுரா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் உன் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நான் பாலிகஞ்சில் இருக்கிறேன். ரிப்போர்ட்டின்படி நன்றாகவே இருக்கிறேன்.

உனக்கு வந்த அதே மார்புப் புற்றுநோய்தான் எனக்கும். என் சிகிச்சை முடிந்த மாதம் நீ மாரடைப்பில் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இடது அக்குளில் தொடங்கி விலா வரைக்கும் எரிகிறது, அக்கா. ரவிக்கை பட்டால் எரிகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் சுண்டி இழுக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லையாம். ஒன்றுமில்லாதது இப்படியா வலிக்கும்?

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நல்ல ரிப்போர்ட்டுக்கும் மாடி முழுக்கச் சந்தேஷ் கொடுக்கிறார். மேல் வீட்டு வங்காளி பௌதி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே "பாலோ ஆச்சோ?" என்று நலம் கேட்கிறாள். நானும் நல்லா இருக்கேன் என்று தலையாட்டுகிறேன்.

சமயபுரத்துக்கு நான் உனக்காக நேர்ந்துகொண்டது நினைவிருக்கிறதா? குணமானால் முடி காணிக்கை. கீமோவில் மொத்தமும் கொட்டின தலைக்கு இது ஒரு வேண்டுதலா என்று நீதான் சிரித்தாய். அது முளைத்து, வாரிக் கட்டுகிற அளவுக்கு வளர்ந்ததும் போய் இறக்கிவிட்டு வந்தாய். ஒரு வாரம் கழித்து என் சமையலறையில் நின்று, "முதுகெல்லாம் எரியுதுடி" என்றாய். நான் என்ன சொன்னேன்?

"மொட்டை போட்டாச்சுல்ல. இன்னும் வலி வலின்னா ஆத்தாவுக்குப் பொறுக்குமா?"

அப்புறம் நீ என்னிடம் சொல்லவே இல்லை. வலி நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். உன் வாயை அடைத்தவள் நான்தான். இதற்கு எந்த முகத்தோடு மன்னிப்பு கேட்பது?

இப்போது என் முறை, எனக்கும் அதே வேண்டுதல். முடி கழுத்து வரை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஹவுராவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். "நேர்த்திக்கடன் முடிஞ்சதும் இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

போன வாரம் வலிக்கென்று ஒரு டாக்டரிடம் போனோம். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு இருக்கும். ரிப்போர்ட் எல்லாம் க்ளீன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"ஏழு. சில நாள் எட்டு" என்றேன்.

சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படித் தங்கிவிடுகிறது, உங்களுக்கு ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை என்றார் டாக்டர். மாத்திரையும் கைக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். நான் பொய் சொல்கிறேன் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

டாக்சியில் இவர், "அப்ப அது திரும்பி வந்துருச்சா?" என்றார். இத்தனை நாள் என்னைப் பேசவிடாமல் வைத்திருந்தது இந்தப் பயம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"ரிப்போர்ட்ல அது இல்லை. எனக்கு வலி இருக்கு. ரெண்டும் நெசம்."

"மொட்டை?"

"போடறேன். வலிக்கலைன்னு மட்டும் சொல்ல மாட்டேங்க."

இவர் என் பக்கம் திரும்பி, "எங்க வலிக்குது?" என்று கேட்டார். ஒரு வருஷத்தில் முதல் தடவை. காட்டினேன். என் இடது பக்கம் உரசாமல் தள்ளி உட்கார்ந்தார்.

உன்னிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்தச் சமையலறையில், அடுப்பைக் கூட அணைக்காமல் பேசினேனே.

அடுத்த மாதம் சமயபுரத்தில் மொட்டைத் தலையோடு ஆத்தா முன்னால் நிற்பேன். முதலில் உன் முதுகு எரிந்ததைச் சொல்லுவேன். என்னுடையதை அப்புறம்தான் சொல்லுவேன். இது சத்தியம்.

எங்கே வலிக்கிறது என்று உன்னைக் கேட்காமல் விட்ட,
உன் தங்கை