மழை மாறிய பிறகு

மச்சான்,

பெரகலையில் இன்று காலை, ரோட்டில் சரிந்து கிடந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஈரச் செம்மண் வாசனை வந்ததும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு இஞ்சினியராக வந்த புதிதில் நீ வரைந்த முதல் மதகு, ரோட்டுக்கு அடியால் மலைத் தண்ணீரைக் கடத்திவிட, பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். பழைய மழைக் கணக்கின்படி அதில் ஒரு பிழையும் இல்லை. சில வருடங்களில் மழைதான் மாறிப்போனது. மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே பிற்பகலில் கொட்டியது. மதகு கொள்ளாத தண்ணீர் ரோட்டைத் தாண்டி, கீழே தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் பாய்ந்தது. அங்கே கொழுந்து பறிக்கும் லெட்சுமியின் மகளைக் கொண்டுபோனது.

மரண வீட்டுக்கு, ஒரே அலுவலகத்து இஞ்சினியர்கள் நாமிருவரும் போனோம். “அந்த மதகைக் கட்டினது நான்தான் அம்மா” என்றாய்.

“நீங்க வேணுமுன்னா செஞ்சீங்க? மழை செஞ்சதுங்க” என்றாள் லெட்சுமி.

அந்த ஆறுதல்தான் உன்னை உடைத்தது.

மறு வாரமே, நீ கட்டிய மதகுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினாய். யாரும் கேட்கவில்லை. “விதிப்படி சரியாத்தானே இருக்கு, எதுக்குக் கிளறுறீங்க?” என்று மேலதிகாரி எரிந்து விழுந்தார். வெளியே வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னாய்: “அண்டைக்கு எனக்குத் தெரியாது மச்சான். இண்டைக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகும் பேசாமல் இருக்கேலுமே?”

லீவு நாட்களில் அலைந்தோம். அப்புத்தளை மூடுபனியில் நீ மதகின் வாய்க்குள் குனிந்து நுழைவாய். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்திருப்பேன். சிலவற்றை அகலமாக்க வைத்தாய். சிலவற்றுக்காகக் கெஞ்சி, ஏச்சு வாங்கினாய். பூனாகலை மதகைத் திருப்பிக் கட்ட அனுமதி வந்த மாதம் நெஞ்சுவலி என்று படுத்தாய். எழும்பவே இல்லை. உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை, மச்சான்.

நீ வரைந்தபடியே நான் கட்டி முடித்தேன். அடுத்த பெருமழையன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் முழுவதும் மதகுக்குள்ளேயே போனது. அதில் ஒரு சொட்டுக்கூட லயத்து வாசலுக்கு வரவில்லை. லெட்சுமி நனைந்துகொண்டே வந்து நின்றாள்.

“அந்த ஐயா வரலீங்களா?”

சொன்னேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மகளுக்கு அழுதது போலவே உனக்கும் அழுதாள்.

இப்போதெல்லாம் எந்த மதகு வரைபடத்திலும் கையெழுத்திடுவதற்கு முன், கீழே குடியிருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். கணக்கு அதற்குப் பிறகுதான். ஆனாலும் பயமாக இருக்கிறது. “இது போதுமாடா?” என்று உன்னிடம் கேட்கலாமென்றால், நீ இல்லை.